கொதிப்பதால் அல்ல, ஆறுவதால்: கண்ட நகர்வைப் படித்த ஒரு வகுப்பைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

கண்டங்கள் நகர்கின்றன என்று பிள்ளைகளை நம்பவைக்க அரை மணி நேரம் போதும். உலக வரைபடத்தைக் கையில் கொடுத்துக் கத்தரிக்கோலையும் கொடுத்தால், தென் அமெரிக்காவை ஆப்பிரிக்காவோடு ஒட்டிவைத்துவிட்டு அடுத்த வேலை என்ன என்று கேட்பார்கள். புவியியலாளர்கள் அரை நூற்றாண்டு தயங்கிய ஒரு கருத்து அது. இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்ட பிள்ளையிடம் "எதனால் நகருது?" என்று கேட்டால் "உள்ளே லாவா கொதிக்குது, அதுல மிதக்குது" என்று பதில் வரும். அந்தப் பதில் பல வருடம் கழித்தும் மாறுவதில்லை. அறிவியல் படித்த பெரியவர்கள் பலரிடமும் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பதில் எங்கே முளைக்கிறது, பாடத்தின் வரிசையை மாற்றினால் அதைத் தடுக்க முடியுமா என்று பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். ஆறாம் வகுப்பு, பதினொரு வயதை ஒட்டிய பிள்ளைகள். வகுப்பாசிரியை பாடம் நடத்தினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பாடத் திட்டத்தை இருவரும் சேர்ந்து வகுத்தோம்.

தொடங்குமுன் பிள்ளைகள் வரைந்தவை

பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "உங்க காலுக்குக் கீழே பூமியோட நடு வரைக்கும் என்ன இருக்குன்னு வரைங்க" என்று மட்டும் ஆசிரியை சொன்னார். ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் சிவப்பு. மெல்லிய ஓடு ஒன்று, அதற்கடியில் அலையடிக்கும் நெருப்புக் கடல். கண்டங்களைத் தனியே வரைந்தவர்களில் சிலர் அவற்றைக் கடல்நீரின் மேல் மிதக்கவிட்டிருந்தார்கள். "தட்டு" (பூமியின் மேற்பரப்பை ஆக்கும் பெரும் பாறைத் துண்டு) என்ற சொல்லை எங்கோ கேட்டிருந்தவர்கள் அதை ஆழத்தில், நாம் நிற்கும் தரைக்குத் தொடர்பே இல்லாத ஏதோ ஒன்றாகக் காட்டியிருந்தார்கள்.

அந்தத் தாள்களில் கடலடி மட்டும் இல்லவே இல்லை. கண்டம் இருந்தது, நீர் இருந்தது, நெருப்பு இருந்தது. நீருக்குக் கீழே பாறைத் தரை உண்டு என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சிவப்பு நிறத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய சிக்கலாகப் பட்டது. கடலடி இல்லாத பூமியில் கண்டம் நகர வேண்டுமானால் படகு போல எதன்மீதாவது மிதந்தாக வேண்டும்; வேறு வழியே இல்லை.

வழக்கமாகப் பாடநூல்கள் போகும் பாதை நமக்குத் தெரியும்: முதலில் பொருந்தும் கரைகள், அடுத்து எல்லாக் கண்டங்களும் ஒன்றாயிருந்த பாஞ்சியா, பிறகு பூமியின் அடுக்குகள், வெப்பச்சலனம் (சூடானது மேலேறி, ஆறியது கீழிறங்கும் சுழற்சி; ஆங்கிலத்தில் கன்வெக்‌ஷன்), கடைசியில் தட்டுகளின் பெயர்ப் பட்டியல். நாங்கள் காரணத்தை வேண்டுமென்றே தள்ளிப்போட்டோம். முதலில் சான்றுகள், அடுத்து "காரணம் தெரியாது" என்ற ஒரு நிறுத்தம், அதன்பின் கடலடி, எல்லாவற்றுக்கும் கடைசியில் எதனால் என்ற கேள்வி. வரலாறும் ஏறத்தாழ இந்த வரிசையில்தான் நடந்தது.

பொருந்தும் கரைகளும் பொருந்தாத கேள்விகளும்

கரையோரமாக வெட்டிய காகிதங்கள் பொருந்தின. ஆனால் அங்கங்கே இடைவெளியும் மேல்படிதலும் இருந்தன. கண்டத்தின் உண்மையான விளிம்பு கடற்கரை கிடையாது. ஆழமற்ற கண்டத்திட்டு முடிந்து சரிவு இறங்கும் இடம்தான் விளிம்பு. 1965இல் எட்வர்ட் புல்லார்டும் அவருடைய சகாக்களும் கணினியைக் கொண்டு சுமார் 900 மீட்டர் ஆழக்கோட்டை வைத்துப் பொருத்தியபோது அட்லாண்டிக்கின் இரு பக்கமும் வியக்கத்தக்க அளவுக்குச் சேர்ந்தன. பிள்ளைகள் கண்டத்திட்டோடு சேர்த்து மறுபடி வெட்டினார்கள், இடைவெளிகள் குறைந்தன.

அப்போது ஒரு பையன் எழுந்து, "இத்தாலி பூட்ஸ் மாதிரி இருக்கு. அதுக்காக அது பூட்ஸ் ஆயிடுமா டீச்சர்?" என்றான். வகுப்பு சிரித்தது. அந்த வாரத்தின் ஆகச் சிறந்த கேள்வி அதுதான் என்பேன். வடிவம் ஒத்துப்போவது சந்தேகத்தைக் கிளப்பும், எதையும் நிரூபிக்காது. 1596இலேயே ஆபிரகாம் ஓர்டீலியஸ் அமெரிக்காக்கள் ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிய்ந்து போனவை என்று எழுதிவைத்தார். அதன்பின் முந்நூறு ஆண்டுகள் அந்தக் கருத்து பெரிதாக எங்கும் போகவில்லை.

ஆகவே புதைபடிவங்கள். மெசோசாரஸ் என்ற சிறு ஊர்வன தென் அமெரிக்காவிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் மட்டும் கிடைக்கிறது. லிஸ்ட்ரோசாரஸ் என்ற நிலவிலங்கு ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் அண்டார்டிகாவிலும் கிடைக்கிறது. குளோசாப்டெரிஸ் தாவரமோ தென் கண்டங்கள் அத்தனையிலும் உண்டு. அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் மாற்று விளக்கங்களைத் தேடினார்கள்: நீந்தியிருக்கலாம், மரக்கட்டையில் வந்திருக்கலாம், விதையைப் பறவை சுமந்திருக்கலாம், நடுவில் ஒரு பாலம் இருந்து முழுகியிருக்கலாம். கடைசி விளக்கத்தை அந்நாள் புவியியலாளர்கள் பலரும் நம்பினார்கள் என்று ஆசிரியை சொன்னதும் அதைச் சொன்ன பிள்ளைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பாலத்தை வீழ்த்தியது எளிய இயற்பியல்: கண்டப் பாறை கடலடிப் பாறையைவிட அடர்த்தி குறைந்தது. லேசானது கனமானதற்குள் முழுகிக் காணாமல் போகாது.

1912இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த பிரிட்டிஷ் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் குழுவினரிடம் சுமார் 16 கிலோ பாறை மாதிரிகள் இருந்தன; அவற்றில் குளோசாப்டெரிஸும் இருந்தது. "சாகப்போற நேரத்துல அதை ஏன் தூக்கிப் போடல?" என்று பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த நாளில் மற்ற எதுவும் இந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

என் கணிப்பில் இந்தப் பகுதியில் மிக வலுவான சான்று பனிக்கட்டிக் கீறல்கள். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் உராய்ந்து போன தடங்கள் தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் பாறைகளில் உள்ளன. இன்றைய வரைபடத்தில் அம்புக்குறி போட்டால் சில இடங்களில் பனி கடலிலிருந்து கரையேறி வந்ததாக ஆகிவிடும். கண்டங்களைச் சேர்த்துவைத்தால் அம்புகள் எல்லாம் தென் துருவத்தைச் சுற்றிய ஒரே பனிப்பரப்பிலிருந்து வெளியே விரிகின்றன. அம்புகளைப் போட்டுப் பார்த்தபின் பூட்ஸ் கேள்வி கேட்ட பையன் "சரி, ஒத்துக்கறேன்" என்றான்.

காரணம் இல்லாத இடைவேளை

ஆல்ஃபிரட் வேகனர் ஒரு ஜெர்மன் வானிலையாளர். 1912 ஜனவரி 6 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் தன் கருத்தை முன்வைத்தார், 1915இல் நூலாக்கினார், 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். அவர் இருந்தவரை பெரும்பாலோர் அவரை ஏற்கவில்லை.

இந்த இடத்தில் பல பாடங்கள் ஒரு கதையை எடுத்துவிடுகின்றன: மேதை ஒருவர், அவரைப் பரிகசித்த மூடர்கள் பலர். எனக்கு அந்தக் கதை பிடிக்காது. மறுத்தவர்களிடம் நல்ல காரணங்கள் இருந்தன. பூமியின் சுழற்சியால் துருவத்திலிருந்து விலக்கும் விசையையும் சூரிய, சந்திர ஈர்ப்பையும் வேகனர் காரணமாகச் சொன்னார். பிரிட்டிஷ் புவி இயற்பியலாளர் ஹரோல்ட் ஜெஃப்ரீஸ் கணக்குப் போட்டு, அவை போதவே போதாது என்று காட்டினார். கண்டங்களை இழுக்கும் அளவுக்கு ஈர்ப்பு வலுவாக இருந்திருந்தால் பூமியின் சுழற்சியே எப்போதோ நின்றுபோயிருக்கும். கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்வதாக வேகனர் நம்பியதும் பிழை. எல்லாவற்றையும்விட, கண்டம் ஒன்று கடினமான கடலடிப் பாறையை எப்படிக் கிழித்துக்கொண்டு போகும் என்ற கேள்விக்கு அவரிடம் விடையில்லை.

ஆசிரியை வகுப்பை இரண்டாகப் பிரித்து 1920களின் வாதத்தை நடத்தவைத்தார். வேகனரை எதிர்த்த அணி அந்த வாதத்தில் வென்றது. வெல்லவும் வேண்டும். பொருந்துகிறது, சான்று இருக்கிறது, ஆனால் எதனால் என்று தெரியாது என்ற நிலையிலேயே பாடம் நின்றது. பிள்ளைகளுக்கு எரிச்சல். "நீங்களே சொல்லிடுங்க டீச்சர்" என்று கெஞ்சினார்கள். அவர் சொல்லவில்லை, இணையத்தில் பார்த்துவந்த ஒருவர் "கன்வெக்‌ஷன்" என்று கத்தியபோதும், "அப்படின்னா என்னன்னு விளக்கு" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

வேகனரின் குறையும் பிள்ளைகளின் முதல் படங்களில் இருந்த குறையும் ஒன்றே என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் பளிச்சென்றது. இரண்டிலும் கண்டம் தனியாகப் பயணம் போகிறது. கடலடி அசையாமல் கிடக்கிறது, அல்லது இல்லவே இல்லை.

கடலடி

இந்தப் பகுதிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்கினோம்.

முதல் வேலை, ஆழ அளவுகளைக் கட்டத்தாளில் புள்ளி வைத்து இணைப்பது. கரையிலிருந்து கரைக்கு அட்லாண்டிக்கின் குறுக்கே கோடு போட்டவர்கள் நடுவில் கடல் மிக ஆழமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நடுவில் மலை எழும்பியது. மலையின் உச்சியில் ஒரு பிளவு. அமெரிக்காவில் கடலடியை வரைபடமாக்கிய மரீ தார்ப் 1950களின் தொடக்கத்தில் கண்டது இதையேதான். அப்போது ஆய்வுக் கப்பல்களில் பெண்களை ஏற்றமாட்டார்கள். கப்பலில் போனவர்கள் கொண்டுவந்த எதிரொலி அளவுகளைக் கரையில் உட்கார்ந்து அவர் வரைந்தார். பிளவுப் பள்ளத்தாக்கைக் காட்டியபோது உடன் பணிசெய்த புரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளினார். பிறகு நிலநடுக்க மையங்களைக் குறித்த இன்னொரு வரைபடத்தை ஒப்பிட்டபோது, புள்ளிகள் அந்தப் பள்ளத்தாக்கின் மேலேயே வரிசையாக விழுந்தன. ஹீசன் ஒத்துக்கொண்டார்.

அடுத்து காகிதப் பட்டைகள். இரண்டு மேசைகளை நெருக்கிப்போட்டு, நடு இடுக்கிலிருந்து இரண்டு நீளக் காகிதங்களை மெல்ல வெளியே இழுத்து, இரு பக்கமும் விரித்துக்கொண்டே போவது. இடுக்கில் வெளிப்படும் பகுதிக்கு ஆசிரியை "வடக்கு" என்றால் கறுப்பு, "தெற்கு" என்றால் வெள்ளை. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாகும்; கடைசியாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். பிளவில் வெளிவந்து உறையும் எரிமலைப் பாறை அந்த நேரத்துக் காந்தத் திசையைத் தன்னில் பதித்துக்கொள்கிறது. வகுப்பில் பட்டைகளை விரித்துப் பார்த்தபோது, இடுக்கின் இரு பக்கமும் ஒரே வரிசையில் கோடுகள். ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மாத்யூஸும் 1963இல் வெளியிட்ட விளக்கம் இதுதான். கடலடி நடுவில் பிறந்து இரு பக்கமும் விலகுகிறது என்று அதற்கு ஓராண்டு முன்பே ஹாரி ஹெஸ் எழுதியிருந்தார். 1968இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் தென் அட்லாண்டிக்கில் துளையிட்டபோது, நடு முகட்டிலிருந்து தள்ளிப்போகப் போகக் கடலடியின் வயது கூடிக்கொண்டே போனது.

பட்டையை இழுத்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி கையை நிறுத்தினாள். "புதுசா தரை வந்துகிட்டே இருந்தா பூமி பெருசாகிட்டே போகணுமே?"

ஆசிரியை விடை சொல்லவில்லை. ஹீசனும் சில காலம் பூமி பெருக்கிறது என்றே நம்பினார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, கடலடியின் வயதைக் காட்டும் வண்ண வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பாறைகள் உண்டு. கடலடியிலோ 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பகுதியைத் தேடிப்பிடிப்பதே அரிது. "அப்போ பழைய தரை எங்க போச்சு?" என்று பிள்ளைகளே கேட்டார்கள். பசிபிக்கைச் சுற்றியுள்ள ஆழ்கடல் அகழிகளை அவர்களே கண்டுபிடித்தார்கள். கிட்டத்தட்ட 11 கி.மீ. ஆழமுள்ள மரியானா அகழி பெயரளவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது பழைய கடலடி பூமிக்குள் இறங்கும் வாசல் என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்னொரு மேசை இடுக்கில் காகிதத்தின் மறுமுனையைச் செருகி உள்ளே இழுத்தார்கள். பூமி பெருக்காமல் நின்றது.

இதற்குப் பிறகுதான் தட்டுகளின் வரைபடத்தைக் கொடுத்தோம். வட அமெரிக்கத் தட்டின் கிழக்கு எல்லை கடற்கரையில் இல்லை, நடு அட்லாண்டிக்கில் இருக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பசிபிக் தட்டில் கண்டம் என்று சொல்லும்படி ஏறக்குறைய எதுவுமில்லை. கண்டங்கள் தட்டின் மேல் உட்கார்ந்து போகும் பயணிகள். எதையும் கிழித்துக்கொண்டு போகவில்லை. வேகனரைத் திணறடித்த கேள்வி அப்படியே கரைந்துபோயிற்று.

வேகம்

இதைச் சுருக்கமாகவே செய்தோம். உலக உருண்டையில் நூல் வைத்து, பிரேசிலின் கிழக்கு மூலைக்கும் அது பொருந்தும் கினி வளைகுடா மூலைக்கும் இடையே அளந்தால் சுமார் 5,000 கி.மீ. வருகிறது. ஆண்டுக்கு 4 செ.மீ. என்று வைத்தால் 12.5 கோடி ஆண்டு. அங்கே கண்டங்கள் பிரிந்த காலமாகப் புவியியலாளர்கள் சொல்வது ஏறத்தாழ 10 முதல் 13 கோடி ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் பிள்ளைகளின் மனதில் எந்த உருவமும் பெறவில்லை, ஆஸ்திரேலியா பெற்றது. அந்நாடு 1994ஆம் ஆண்டு நிலையை வைத்துத் தன் வரைபட ஆயங்களைக் குறித்திருந்தது. தட்டு ஆண்டுக்கு சுமார் 7 செ.மீ. நகர்வதால், 2020ஆம் ஆண்டு நிலைக்கு அவற்றை 1.8 மீட்டர் மாற்றியமைக்க வேண்டியதாயிற்று. 26ஐ 7ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு, ஒரு நாடே நகர்ந்ததற்காக வரைபடத்தைத் திருத்தினார்கள் என்பதைப் பிள்ளைகளால் நம்ப முடியவில்லை.

எதனால்

வழக்கமான செய்முறை எல்லோருக்கும் தெரியும்: கண்ணாடிப் பாத்திரத்தில் நீர், அடியில் சூடு, சாயத்துளி சுழன்று மேலேறும், மேலே மிதக்கும் தாள்துண்டு விலகும். பார்க்க அழகு. நாங்கள் அதைத் தவிர்த்தோம். இரண்டு காரணங்கள். கவசம் (மேலோட்டுக்குக் கீழே உள்ள தடித்த பாறை அடுக்கு) திரவம் என்ற எண்ணத்தை அது ஆணியடித்து நிறுத்திவிடும். மேலும், தட்டு என்பது கீழே ஓடும் ஏதோ ஒன்றின்மேல் சும்மா மிதக்கும் துண்டு என்றாகிவிடும். உண்மையில் தட்டும் அந்தச் சுழற்சியின் ஒரு பகுதி. அதன் ஆறிக் கெட்டியான மேல்பகுதி.

பதிலுக்கு ஆசிரியை பச்சை நிறப் பென்சிலை எடுக்கச் சொன்னார். கவசத்தின் மேற்பகுதிப் பாறையில் பெருமளவு ஆலிவீன் என்ற கனிமம். அதன் நிறம் பச்சை. சில எரிமலைகள் கக்கும் கறுப்புக் கல்லுக்குள் பச்சைத் துண்டுகள் சிக்கிவருவதைப் படத்தில் காட்டினார். சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை நீளும் கவசத்தைப் பாடநூல்கள் ஏன் சிவப்பில் அச்சடிக்கின்றன என்று பிள்ளைகள் கேட்டார்கள். சூட்டைக் காட்டத்தான், ஆனால் பார்ப்பவர் உருகிய குழம்பு என்று படித்துக்கொள்கிறார். கவசம் திடம் என்பதற்குச் சான்று நிலநடுக்க அலைகள். பக்கவாட்டில் குலுக்கிச் செல்லும் எஸ் அலைகள் திரவத்துக்குள் போகாது. அவை கவசம் முழுவதையும் கடந்து வருகின்றன, அதற்கடியில் திரவமாக உள்ள வெளிக்கருவத்தில்தான் நின்றுவிடுகின்றன.

"கல்லுன்னா எப்படி ஓடும்?" என்ற கேள்வி உடனே வந்தது. வர வேண்டும் என்றே காத்திருந்தோம். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் தொடங்கிய கீல் (தார் போன்ற கறுப்புப் பொருள்) சொட்டுச் சோதனையைக் காட்டினோம். சுத்தியால் அடித்தால் சில்லுசில்லாக உடையும் கீல், புனலில் விட்டால் பல ஆண்டுக்கு ஒரு சொட்டாக ஒழுகுகிறது. ஒன்பதாவது சொட்டு விழுந்தது 2014இல். கீல் உண்மையில் மிக மிகப் பிசுபிசுப்பான திரவம். கவசத்துக்கு நேர்ப் பொருத்தம் கிடையாது. உருகாமலே மலையிலிருந்து வழிந்திறங்கும் பனியாறுதான் கவசத்துக்கு நெருக்கமான உதாரணம், அதையும் சேர்த்தே சொன்னோம். அவசரப்படுத்தினால் உடைவதும் பொறுத்திருந்தால் ஓடுவதும் ஒரே பொருளால் முடியும் என்பது மட்டும் கீலிலிருந்து பிள்ளைகளுக்குக் கிடைத்தால் போதும்.

பிறகு ஒரு வரைபடம்: ஒவ்வொரு தட்டிலும் வேகத்துக்கு ஏற்ற நீளத்தில் அம்பு, அகழிகள் தடித்த கோட்டில். "வேகமா போற தட்டுக்கெல்லாம் பொதுவா என்ன இருக்கு?" பசிபிக், நாஸ்கா, கோகோஸ் தட்டுகள் வேகமானவை, அவற்றின் விளிம்புகள் அகழிகளில் இறங்குகின்றன. யுரேசியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா தட்டுகள் மெதுவானவை. அவற்றுக்கு அப்படி இறங்கும் பெரிய விளிம்பு கிட்டத்தட்ட இல்லை. 1975இல் டொனால்ட் ஃபோர்சைத்தும் செய்யா உயேடாவும் கணக்கிட்டுக் காட்டிய தொடர்பு இது. பதினொரு வயதுப் பிள்ளைகள் அதே தொடர்பை அடிக்கோலை வைத்துக் கண்டார்கள். மேசையில் கிடக்கும் துணியின் ஒரு முனையை விளிம்பில் நிறையத் தொங்கவிட்டு ஆசிரியை கையை எடுத்தார்; தொங்கும் பகுதி மீதியை இழுத்துக்கொண்டு சரிந்தது.

முகட்டில் சூடாகப் பிறக்கும் கடலடி, தள்ளிப்போகப் போக ஆறிச் சுருங்கி அடர்த்தியாகிறது. போதிய கனம் வந்ததும் அகழியில் இறங்கித் தன் பின்னால் இருக்கும் தட்டை இழுக்கிறது. முகட்டின் உயரத்திலிருந்து சரியும் தள்ளுதலும் கவச ஓட்டமும் கூடவே உண்டு. ஆனால் பெரும்பங்கு இந்த இழுப்புக்கே. அடியிலிருக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி பூமி உருவான காலத்தின் மிச்சம். மறுபகுதி யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் வருவது. பூமி அந்தச் சூட்டை இழந்துகொண்டிருக்கிறது. தட்டுகளின் ஓட்டம் அந்த இழப்பு நடக்கும் முறை. வாதத்தின்போது "கன்வெக்‌ஷன்" என்று கத்திய பிள்ளையே இப்போது, "கொதிக்கறதால இல்ல, ஆறுறதால நகருது" என்றது.

இந்தியாவைப் பற்றிய கேள்வி தனியாக வந்தது. இந்தியாவை இழுத்துவந்த கடலடி ஆசியாவுக்கு அடியில் இறங்கி முடிந்தது. அதன்பின் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டத்தோடு கண்டம் மோதியது. கண்டப் பாறை லேசானது, கடலடியைப் போல இறங்காது. நொறுங்கி மடிந்து இமயமலையாக எழுந்தது. எவரெஸ்ட் உச்சியில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கொண்ட சுண்ணாம்புப் பாறை இருப்பது அதனால்தான். இழுத்த கடலடி போனபின்னும் இந்தியா இன்னும் வடக்கே நெருக்கிக்கொண்டிருப்பது ஏன் என்று ஒருத்தி விடவில்லை. ஆய்வாளர்களிடமும் அதற்கு ஒரே விடை கிடையாது என்று ஆசிரியை சொன்னதை அவள் பெருமையாக எடுத்துக்கொண்டாள்.

எது நின்றது, எது நிற்கவில்லை

சில வாரம் கழித்து, அறிவிக்காமல் அதே படத்தை மறுபடி வரையச் சொன்னோம். கடலடி பெரும்பாலான தாள்களில் வந்திருந்தது. முகடும் அகழியும் சேர்ந்து வந்திருந்தன. கண்டத்தைத் தனியே மிதக்கவிட்டவர்கள் மிகக் குறைவு. எனக்கு இதுவே போதுமான பலன்.

சிவப்பு முழுதாக ஒழியவில்லை. பச்சையாகத் தொடங்கி அடியில் சிவப்புக் கடலைச் சேர்த்துவிட்ட தாள்கள் இருந்தன. விசாரித்தால் காரணம் நியாயமானதே: "கவசம் கல்லுன்னா எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருது?" எங்கள் திட்டத்தில் இதற்கு இடமே இல்லை. விடை கடினமும் இல்லை. முகடுகளுக்கு அடியில் சூடான கவசப் பாறை மேலெழும்போது அழுத்தம் குறைவதால் அதில் ஒரு சிறு பங்கு உருகுகிறது. அகழிகளில் இறங்கும் தட்டு கொண்டுபோகும் நீர், மேலிருக்கும் பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. குழம்பு அங்கங்கே பிறப்பது. அடியில் சேமித்துவைத்த கடல் எதுவும் கிடையாது. அடுத்த முறை இது பச்சைப் பென்சில் வகுப்பிலேயே வர வேண்டும்.

பாஞ்சியாவே பூமியின் தொடக்க நிலை என்ற எண்ணமும் பலரிடம் மாறவில்லை. அதற்கு முன்பும் பெருங்கண்டங்கள் கூடிப் பிரிந்திருக்கின்றன. ரொடீனியா சுமார் 100 கோடி ஆண்டுப் பழமை. இதைப் போகிறபோக்கில் சொன்னோம், போகிறபோக்கிலேயே மறந்தும் போயிருந்தார்கள்.

இத்தனை நேரம் எல்லா ஆசிரியர்களுக்கும் கிடைக்காது. ஒரே ஒரு வகுப்புதான் உண்டு என்றால், வெட்டி ஒட்டும் வேலையை விட்டுவிடலாம், பாத்திரத்தில் நீர் கொதிக்கவைப்பதைக் கட்டாயம் விட்டுவிடலாம். கடலடியின் வயதைக் காட்டும் வண்ண வரைபடம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய், "இதுல பழைய தரை எங்க?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் தேடி முடிக்கும்வரை பேசாமல் இருக்கலாம்.